ஏரிக்கரை யாருக்குச் சொந்தம்?

பகலெல்லாம் பழம் பறித்த கை ஓய்ந்துவிட்டது. கதிரவன் மலைக்கு அப்பால் மறைந்துவிட்டான். எதிரே ஏரி, அலையடங்கிக் கிடக்கிறது. கரையிலே ஒரு பழைய வண்டி. பின் ஆசனத்தை மடக்கி, மெத்தை விரித்து, ஒரு தொழிலாளியும் அவன் துணைவியும் கண்ணயர்கிறார்கள். பொழுது புலருமுன்னே கண்ணாடியைத் தட்டுகிறது ஒரு கை. "இங்கே தூங்கியது குற்றம்! அபராதம் 400 டாலர்!" என்கிறது சட்டத்தின் குரல்.

என்ன குற்றம் செய்தார்கள்? திருடினார்களா? இல்லை. தீ வைத்தார்களா? இல்லை. ஏரி நீரை அசுத்தப்படுத்தினார்களா? அதுவும் இல்லை! கூப்பிடு தூரத்திலே பொதுக் கழிப்பிடம் இருந்தது. அங்கே போய் வந்தார்கள். குப்பையைப் பையிலே கட்டி வைத்திருந்தார்கள். பின் என்னதான் குற்றம்? அவர்களுடைய வண்டிக்குள்ளே, அசையாமல் பொருத்தப்பட்ட கழிவறை இல்லை. அதுதான் குற்றம்!

காட்சி கற்பனை, தோழர்களே! சட்டம் கற்பனையல்ல. நியூசிலாந்து நாட்டிலே 2023-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. உள்ளாட்சி மன்றங்களுக்குரிய பொது நிலத்திலே, கட்டணமின்றி இரவு தங்க வருகிற வண்டிக்குள்ளே நிலையான கழிவறை இருந்தாக வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும், மன்றமே தனியாக இடம் குறித்து விலக்கு அளித்தாலொழிய வேறு வழியில்லை என்கிறது அந்தச் சட்டம்.

எங்கோ தென்கடலின் கோடியிலே கிடக்கிற தீவு. அங்கே எவனோ வண்டியை நிறுத்தித் தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன, நமக்கென்ன வந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்பதிலே தவறில்லை. ஆனால், உழைத்தவன் ஓய்வெடுக்க இந்த உலகத்திலே ஒரு சாண் இடம் இலவசமாக உண்டா இல்லையா என்பது ஒரு தீவின் பிரச்னையல்ல. கடல் பல கடந்தாலும் களைப்பு ஒன்றே! அதனாலேதான் பேசுகிறோம்.

அந்த நாட்டின் பாட்டாளி வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1840-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தார் சாமுவேல் பார்னெல் என்ற தச்சர். வெலிங்டன் குடியேற்றத்திலே ஒரு வணிகர், சரக்கறை ஒன்று கட்டித் தரும்படி கேட்டார். பார்னெல் மறுக்கவில்லை, நிபந்தனை ஒன்று போட்டார். "நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை செய்வேன்" என்றார். இருபத்து நான்கு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தார். எட்டு வேலைக்கு, எட்டு உறக்கத்துக்கு, எட்டு தன் சொந்தத்துக்கு! தச்சர் தட்டுப்பாடு, வணிகர் வேறு வழியின்றி இசைந்தார். உளி பிடித்த கை, உரிமையின் கணக்கையும் போட்டுக் காட்டிற்று. அந்தக் கணக்கை நினைவூட்டத்தான் 1900-ஆம் ஆண்டு முதல் அங்கே தொழிலாளர் தினம் பொது விடுமுறையாக இருக்கிறது.

அதோடு நின்றார்களா? இல்லை. 1935-லே மைக்கேல் ஜோசப் சாவேஜ் தலைமையிலே தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டே வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. 1944-லே, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அது மூன்றாக வளர்ந்து, 2007-லே நான்கு வாரமாயிற்று. மணி கிடைத்தது, நாள் கிடைத்தது, வாரம் கிடைத்தது. கிடைத்த ஓய்வை எங்கே கொண்டுபோய் வைப்பது? இலை போட்டாயிற்று, சோறு எங்கே என்று கேட்கும் நிலை அல்லவா அது!

சீமானுக்குச் சிக்கலில்லை. ஏரியைப் பார்த்த மாளிகை ஓட்டல் இருக்கிறது. பணத்தை வைத்தால் கதவு திறக்கும். பாட்டாளிக்கு? அவனுக்கு இருந்தது வண்டி. காம்பர்வேன் என்கிறார்கள், படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி. அதிலும் இரண்டு சாதி உண்டு! ஒன்று, சக்கரம் வைத்த மாளிகை. குளிர்பதனப் பெட்டி, குளியலறை, கழிவறை, எல்லாம் உண்டு. மற்றொன்று, சரக்கு ஏற்றி ஓய்ந்த பழைய வேன். உள்ளே ஒரு பலகை, பலகை மேல் மெத்தை, மூலையிலே ஒரு தண்ணீர்க் குடம். இரண்டும் ஒரே கரையிலே நிற்கும். இரண்டு வண்டிக்காரரும் ஒரே நிலவைப் பார்ப்பார்கள். நிலவுக்கு நுழைவுச் சீட்டு கிடையாதல்லவா!

இப்படிப் பொது நிலத்திலே காசு கொடாமல் இரவு தங்குவதற்கு ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்று பெயர். சுதந்திரத் தங்கல் என்று நாம் சொல்லலாம். 2011-லே, உலக ரக்பிப் பந்தயத்துக்குக் கூட்டம் வரப்போகிறது என்ற நேரத்திலே, இதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். நல்ல அடிப்படையிலே அமைந்த சட்டம் அது. உள்ளாட்சி நிலத்திலே தங்கலாம் என்பதுதான் பொது விதி. கூடாது என்பது விலக்கு. கூடாது என்று சொல்ல விரும்பும் மன்றம் காரணம் காட்ட வேண்டும். காரணங்களும் மூன்றே மூன்று: அந்த இடத்தைக் காப்பது, வருவோரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காப்பது, மற்றவர்கள் அங்கே வந்து போகும் வழியைக் காப்பது. தன் எல்லை முழுவதும் தங்கலே கூடாதென்று ஒரு மன்றம் ஒரேயடியாக அடைத்துவிட முடியாது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, விபத்து நேருமென்று பாதையோரம் நிறுத்திக் கண்ணயரும் ஓட்டுநரை அந்தச் சட்டம் தொடாது. அசுத்தத்தைக் கொட்டிக் கேடு விளைவிப்பவனுக்கு மட்டும் 10,000 டாலர் வரை தண்டம். குற்றம் செய்தவனைத் தண்டி, மற்றவனை விடு என்ற முறை அது. அறிவுக்குப் பொருத்தமான முறை!

ஆனால் ஒரு முடிச்சு உண்டு. ஏரிக்கரைகள் பல, ‘ரிசர்வ்’ எனப்படும் ஒதுக்கீட்டு நிலங்கள். அவைகளை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்கிறது. அனுமதியின்றி ஒதுக்கீட்டு நிலத்திலே இராத் தங்கக்கூடாது என்பது அதன் விதி. சரி, ஒதுக்கிய நிலம் என்கிறீர்களே, யாருக்காக ஒதுக்கியது? மரத்துக்கும் பறவைக்கும் மக்களுக்குமாக ஒதுக்கியது! மக்கள் என்றால் பகலிலே வருகிறவர்கள் மட்டுந்தானா? மாலை ஐந்து மணிக்கு மேல் மக்கள் மக்களாக இருப்பதில்லையா? அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் ஆள்வோர் கையிலே என்றால், அது இயற்கையின் தீர்ப்பல்ல. வாக்காளர் தட்டிக் கேட்கக்கூடிய காரியம் என்றே பொருள்.

ஒரு கரையை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். தென் தீவிலே, ஒட்டாகோ மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதியிலே இருக்கிறது டன்ஸ்டன் ஏரி. இயற்கை வெட்டிய ஏரியல்ல அது. குளூத்தா ஆற்றின் குறுக்கே கிளைட் என்ற இடத்திலே கட்டிய அணை, 1992-93-லே நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி. நாட்டிலேயே பெரிய கான்கிரீட் அணை. தண்ணீர் ஏற ஏற, குரோம்வெல் என்ற ஊரின் பழைய கடைவீதி நீருக்குள்ளே போயிற்று. பழத்தோட்டங்களும் போயின. ஊர் கொடுத்தது தன் வீதியை. நாடு கொடுத்தது வரிப்பணத்தை. மின்சாரம் பிறந்தது. பிறகென்ன? அந்த மின்நிலையத்தை வைத்திருந்த நிறுவனத்தை 1999-லே சர்க்கார் விற்றது. மின்சாரத்தின் ஆதாயம் பங்குதாரர் பைக்குப் போய்விட்டது. மக்கள் கையிலே எஞ்சியது கரை. லோபர்ன், பெண்டிகோ, ஷாம்பெயின் கல்லி என்று அந்தக் கரையிலே சில இடங்கள், இலவசத் தங்கலுக்குப் பேர்போனவை.

யார் தங்கினார்கள் அங்கே? ஊர் சுற்ற வந்த இளைஞர்கள், ஓய்வூதியம் பெறும் முதியவர்கள். அவர்களோடு, கோடையிலே செர்ரியும் ஆப்ரிகாட்டும் பறிக்க வருகிற பருவத் தொழிலாளர்களும்! குரோம்வெல் ஊர் வாசலிலே பழங்களுக்குப் பிரமாண்டமான சிலை வைத்திருக்கிறார்கள். பழத்துக்குச் சிலை உண்டு. பறித்தவனுக்குப் படுக்க இடம் உண்டா என்று கேட்கிறோம். விலையேறிய வாடகையைக் கொடுத்தால் கூலி போய்விடும். கூலியைக் காத்தால் கூரை போய்விடும். அவனுக்கு ஏரிக்கரை உல்லாசமல்ல, தோழர்களே! பிழைப்பின் ஒரு பகுதி.

எதிர்ப்பவர்களுக்கு வாதமே இல்லையா? உண்டு. மறைக்க மாட்டோம். மறைத்துப் பேசுவது நம் பழக்கமுமல்ல.

"புதர் மறைவிலே அசுத்தம் செய்கிறார்கள், காகிதம் காற்றிலே பறக்கிறது" என்கிறார்கள். உண்மை. செய்தவர்கள் உண்டு. மாவோரி மக்களுக்கு ஏரி என்பது முன்னோர் வழிவந்த செல்வம். மனிதக் கழிவு நீரிலே கலப்பது அவர்களுக்குப் பெருங்கொடுமை. அந்த உணர்ச்சியை மதிக்க வேண்டும். உணர்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு அறிவைக் கேட்டாலும் அதே விடைதான். குடிக்கும் நீரிலே, குளிக்கும் நீரிலே கழிவு கலக்கலாமா? கூடாது, கூடவே கூடாது!

"செலவு யார் தலையிலே?" என்கிறார்கள். இதுவும் நியாயமான கேள்வியே. சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். கோடையிலே வண்டிகள் வந்து குவிகின்றன. குப்பை அள்ளுவதும் கழிப்பிடம் கழுவுவதும் அந்தச் சிற்றூர் வரிகொடுப்போர் தலையிலே விழுகின்றன. அவர்களும் ஏழை எளியவர்கள்தாம். அவர்கள் முணுமுணுப்பதை ஆணவம் என்று நாம் சொல்லமாட்டோம்.

"காசு வாங்கி இடம் கொடுக்கும் முகாம்காரர் பிழைப்பு என்னாவது?" என்கிறார்கள். இங்கேதான் நாம் சற்று நிற்கிறோம். வாடகை வீடு வைத்திருப்பவருக்கு நட்டம் வருமென்று பொதுப் பூங்காவைப் பூட்டுவார்களா? நூல் விற்பவருக்கு நட்டமென்று நூலகத்தை மூடுவார்களா? வெந்நீர் வேண்டும், துணி துவைக்கும் பொறி வேண்டும் என்பவன் காசு கொடுத்து அங்கே போகட்டும். ஒன்றும் வேண்டாம், ஓரிரவு உறங்க நிலம் போதும் என்பவனைத் துரத்திக்கொண்டுபோய் அவர் வாசலிலே விடுவது சர்க்காரின் வேலையல்ல.

முதலிரண்டு வாதத்துக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் கண்ட மருந்து என்ன? வண்டிக்குள்ளே கழிவறை! முன்பும் ஒரு தரநிர்ணயம் இருந்தது, 2001-லே வகுத்தது. மூன்று நாளைக்கு வெளியே எதையும் கொட்டாமல் வாழ வண்டியிலே வசதி வேண்டும் என்றது. தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர், கழிவு நீருக்குத் தொட்டி, குப்பைக்கு மூடியுள்ள கூடை, ஒரு கழிவறை. கையிலே தூக்கி வைக்கும் சிறு கழிவறையும் அதிலே செல்லும். புதிய சட்டம் அதைச் செல்லாததாக்கியது. நிலையாகப் பொருத்தியதாக இருக்க வேண்டும். படுக்கை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த இடம் வேண்டும். பழைய சிறு வேனிலே படுக்கை விரித்தால் கால் நீட்டவே இடமில்லை. கழிவறையை எங்கே வைப்பது? கூரை மேலா?

இந்த நிபந்தனைக்கு ஏற்ப வண்டியை மாற்றக் காசு வேண்டும். மாற்ற முடியாத வண்டி என்றால் வேறு வண்டி வாங்க வேண்டும். சொந்த வண்டிக்காரருக்குக் கொடுத்த தவணையை 2025-லிருந்து 2026 ஜூன் 7-ஆம் நாள் வரை நீட்டினார்கள் என்பதே, காரியம் எவ்வளவு கடினம் என்பதற்குச் சாட்சி.

நாம் கேட்பது ஒன்றே. கழிவறை வைத்திருப்பது ஒழுக்கமாகிவிடுமா? வைத்திருந்தும் பயன்படுத்தாதவன் உண்டு. இல்லாமலே பொதுக் கழிப்பிடத்துக்கு நடந்து போகிறவன் உண்டு. முதல்வன் சான்றிதழோடு நிற்கிறான், இரண்டாமவன் அபராதச் சீட்டோடு நிற்கிறான். குற்றம் செய்கிற கையைப் பிடிக்காமல், பொருள் இல்லாத பையைப் பிடிக்கிறது சட்டம்!

இதிலே நெஞ்சை உறுத்துவது மற்றொன்று. 2020-ஆம் ஆண்டு இறுதியிலே சுற்றுலா அமைச்சரான ஸ்டூவர்ட் நாஷ், செலவு அதிகம் செய்யும் பயணிகளையே நாடு நாடவேண்டும், கழிவறை இல்லாத வேன்கள் வேண்டாம் என்ற கருத்திலே பேசினார். எந்தக் கட்சி? தொழிலாளர் கட்சி! 40 மணி நேர வாரம் தந்த கட்சி, இரண்டு வார விடுமுறை தந்த கட்சி! ஓய்வை வாங்கித் தந்த கையே, ஓய்வெடுக்கும் பாயைச் சுருட்டலாமா? நண்பன் வீட்டு அடுப்பிலே புகை வந்தால் சொல்லத்தான் வேண்டும், சொல்கிறோம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அதே 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலே பாராட்டத்தக்க ஒரு பகுதி உண்டு. வாழ வீடு கிடைக்காமல் வண்டியிலே வாழ்கிற நாட்டு மக்களைச் சுதந்திரத் தங்கலாளர் என்று கொள்ளக்கூடாது என்று விலக்கு வைத்தார்கள். வீடற்றவனை உல்லாசப் பயணி என்று சொல்லி அபராதம் போடுவது கொடுமை என்பதை உணர்ந்தார்கள். நன்று! ஆனால் விடியற்காலையிலே கண்ணாடியைத் தட்டுகிற கைக்கு, உள்ளே படுத்திருப்பவன் ஊர் சுற்றியா, வீடிழந்தவனா என்று எப்படித் தெரியும்? வறுமையை நெற்றியிலே எழுதி ஒட்டிக்கொண்டா தூங்குவான்? தன் வறுமையை வாய்விட்டுச் சொல்லித்தான் தப்ப வேண்டுமென்றால், அந்த நொடியிலே அவன் மானம் என்ன பாடுபடும்!

நீர்க்கரையிலே தங்குவது உரிமையா, சலுகையா? இதற்கு அந்த நாட்டுச் சட்டப் புத்தகமே ஒரு விடை வைத்திருக்கிறது. தென் தீவின் மூத்த குடிகள் ங்காய் தாஹு என்ற மாவோரி மக்கள். பருவந்தோறும் ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் போய்த் தங்கி, விலாங்கும் பறவையும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்கள். 1848-லே கெம்ப் என்பவர் செய்த ஒப்பந்தம் ஒன்றிலே, தென் தீவின் பெரும்பகுதி 2,000 பவுனுக்குச் சர்க்காருக்குப் போயிற்று! வேலி வந்தது, கரை போயிற்று. ஒன்றரை நூற்றாண்டு முறையிட்டார்கள். 1998-லே நாடாளுமன்றம் சட்டம் செய்தது, மன்னிப்பும் கேட்டது. அந்தச் சட்டத்திலே, ‘நோஹோஅங்கா’ என்ற பெயரிலே 72 தங்குமிடங்கள், நீர்க்கரைகளை ஒட்டி, அந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆண்டிலே 210 நாள் வரை அங்கே கூடாரமடித்துத் தங்கலாம். அவர்களுடைய உரிமை மூத்தது, பறித்ததைத் திருப்பித் தந்தது; ஊர் சுற்ற வருபவனின் வசதியோடு அதை ஒன்றாக்க மாட்டோம். ஆனால் அது காட்டும் உண்மையைக் கவனியுங்கள். கரையிலே இரவு தங்கும் உரிமையைப் பறிப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை ஒரு நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது!

குடியேறிகளிடையேயும் ஒரு மரபு உண்டு. ஆற்றோரம், ஏரியோரம், கடலோரம் ஒரு சங்கிலி அகலம், அதாவது 66 அடி, பொதுவுக்கென்று விடவேண்டும் என்பது அது. ‘குயின்ஸ் செயின்’ என்பார்கள், ராணியின் சங்கிலி. நாடெங்கும் முழுமையாக அது இல்லை. விட்டு விட்டுத்தான் கிடக்கிறது. இருந்தாலும் என்ன அருமையான எண்ணம்! சங்கிலி என்றால் கட்டிப் போடுவது என்றுதான் உலகம் அறியும். மனிதனை அவிழ்த்துவிட ஒரு சங்கிலி இருந்தது அங்கே. அதையா அறுப்பது?

நீதிமன்றமும் ஒரு பாடம் சொல்லிற்று. பணக்காரப் பயணிகள் மொய்க்கும் ஏரி நகரமான குவீன்ஸ்டவுன். அங்கே உள்ளாட்சி மன்றம் 2021-லே கடுமையான தங்கல் விதிகளைச் செய்தது. 1956-லே தொடங்கிய வீட்டு வண்டிக்காரர் சங்கம் வழக்குப் போட்டது. 2024-லே உயர்நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்று தள்ளிற்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கில் எடுக்கச் சொல்லாதவைகளை மன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பது காரணம். சங்கமாகக் கூடினார்கள், சட்டத்தைப் படித்தார்கள், வென்றார்கள். ஒற்றை வண்டிக்காரன் முணுமுணுத்திருந்தால் கிடைத்திருக்குமா? சங்கத்தின் அருமையைப் பாட்டாளித் தோழர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ!

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்கிறோம்.

ஏரிக்கரையிலே பொதுக் கழிப்பிடம் கட்டுங்கள். குப்பைக்குத் தொட்டி வையுங்கள். வண்டிக் கழிவைக் கொட்ட முறையான நிலையம் அமையுங்கள். செலவைச் சிற்றூர் தலையிலே சுமத்தாமல், சுற்றுலாவாலே வருமானம் காணும் மத்திய சர்க்கார் கொடுக்கட்டும். அப்படிக் கழிப்பிடம் உள்ள கரைகளிலே, பழைய வண்டிக்காரனும் தங்கலாம் என்று மன்றங்கள் விலக்கு அளிக்கட்டும். புதிய சட்டமே அதற்கு வழி விட்டிருக்கிறது, மனம்தான் வேண்டும். ஒருவனே மாதக்கணக்கிலே குடியிருந்து மற்றவனுக்கு இடமில்லாமல் செய்யக்கூடாது; ஆகவே இத்தனை இரவு என்று எல்லை வையுங்கள். அந்த எல்லை மாளிகை வண்டிக்கும் மெத்தை வண்டிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தாங்காத கரை என்றால், பறவை முட்டையிடும் இடம் என்றால், குடிநீர் எடுக்கும் துறை என்றால், அடைத்துவிடுங்கள், யாருக்காகவும் திறக்காதீர்கள். ஏரியை அசுத்தம் செய்தவனை ஏழை என்றும் பாராமல் தண்டியுங்கள். ஏழை என்பதற்காக மட்டும் எவனையும் தண்டிக்காதீர்கள்!

தங்குகிற தோழனுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்வோம். இலவசம் என்றால் கேட்பாரற்றது என்று பொருளல்ல. எல்லோருக்கும் சொந்தம் என்று பொருள். உன் வீட்டு முற்றத்திலே செய்யாததை ஊர்க் கரையிலே செய்யாதே. நீ போட்ட ஒரு காகிதம், உன்னைத் துரத்தக் காத்திருப்பவன் கையிலே ஆயிரம் ஆயுதம். காலையிலே நீ புறப்பட்டபின், அங்கே ஒருவன் இரவு தங்கினான் என்பதற்குச் சக்கரத் தடம் தவிர வேறு அடையாளம் இருக்கக்கூடாது. கட்டுப்பாடு இல்லாதவன் கையிலே உரிமை நிலைப்பதில்லை.

சாமுவேல் பார்னெல் போட்ட கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரம் உறக்கத்துக்கு என்றார் அந்தத் தச்சர். எங்கே உறங்குவது என்று அவர் சொல்லவில்லை. நாடு பரந்து கிடந்தது, சொல்லத் தேவையில்லை என்று எண்ணியிருப்பார். இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அணை கட்ட வரி கொடுத்தவன், சாலை போடக் கல் உடைத்தவன், பழம் பறித்துச் சந்தைக்கு அனுப்பியவன், அந்த ஏரிக்கரையிலே ஓரிரவு கண்ணயர்ந்தால் ஏரி வற்றிவிடாது. அவனை எழுப்பித் துரத்தினால், ஏரி நிறைந்திருந்தும் நாடு வறண்டதாகிவிடும்!

கரை பொது! காற்றுப் பொது! களைத்தவன் கண்ணயரும் உரிமையும் பொதுவாகட்டும்!